செம்பு விலை தனி, செய்கூலி தனி

கேள்வி: ஐயா, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது. மின் பலகைகளுக்குள் மின்சாரத்தைக் கடத்தும் பட்டையான செம்பு பஸ்பாரும் எர்த்திங் பட்டையும் செய்கிறோம். மாதம் 4 டன் செம்பு ஓடும். அப்பா இருந்தவரை தூத்துக்குடிச் சரக்குதான். 2018க்குப் பிறகு குஜராத்திலிருந்து வந்தது. இப்போது டீலர் ஒரு மாதம் ஜப்பான் கேத்தோடு (சுத்திகரித்த செம்புத் தகடு) என்கிறார், அடுத்த மாதம் ஆப்பிரிக்கா என்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரே விலை என்று ஒப்புக்கொண்ட ஆர்டரில், செம்பு ஏறிய ஏற்றத்தில் கையைச் சுட்டுக்கொண்டேன். கேட்டால் அமெரிக்க வரி என்கிறார்கள். அமெரிக்கா வரி போட்டால் நமக்கு ஏன் ஏற வேண்டும்? அப்பா காலத்து நிலைமை திரும்புமா? கொளத்தூர் வீட்டை அடமானம் வைத்து ஆறு மாதச் சரக்கை வாங்கிப் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. வருகிற வியாழக்கிழமை வங்கிக்குப் போவதாக இருக்கிறோம். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் வியாழக்கிழமை விஷயத்தைப் பேசிவிடுவோம். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். ஆறு மாதச் சரக்கு என்றால் 24 டன். கணக்குக்காகக் கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 2 கோடியே 16 லட்சம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 39 லட்சத்தை ஒட்டி வரும். அது பிறகு நீங்கள் கட்டும் ஜிஎஸ்டியில் கழிந்துவிடும் என்றாலும் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் பணம்தானே. 11 சதவீத வட்டியில், சரக்கு மெல்ல மெல்லக் குறைவதைக் கணக்கில் எடுத்தாலும் ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 6 லட்சம். இதெல்லாம் விலை ஏறினாலும் இறங்கினாலும் போகிற பணம். வாங்கிய மறுமாதமே விலை 10 சதவீதம் இறங்கினால் கையில் மீதி இருக்கும் 20 டன்னில் 18 லட்சம் காணாமல் போகும். 10 சதவீதம் இறங்குமா என்று தம்பி கேட்பார். 2008 ஜூலையில் லண்டன் சந்தையில் டன் 8,900 டாலர் அருகே இருந்த செம்பு, அதே வருடம் டிசம்பரில் 3,000 டாலருக்குக் கீழே வந்தது. அந்த ஜூலையில் இனி இறங்கவே இறங்காது என்று நம்பி கிடங்கை நிரப்பிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். என்னைவிட நல்ல வியாபாரி அவர். அடுத்த பொங்கலுக்குள் பட்டறை கைமாறிவிட்டது. உங்கள் கடிதத்தில் "வாங்கிப் போட்டுவிடலாம்" என்ற வார்த்தையைப் படித்ததும் அவர் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, அப்பா காலத்து நிலைமை திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். இந்தக் கேள்வி தெளிந்தால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும்.

அப்பா வாங்கியது தூத்துக்குடிச் செம்பு என்கிறீர்கள். ஆலைதான் தூத்துக்குடியில் இருந்தது, தாது அங்கே கிடைத்ததல்ல. நம் நாட்டில் ராஜஸ்தானின் கேத்ரியிலும் மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டிலும் செம்புச் சுரங்கம் உண்டு, ஆனால் நம் தேவைக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. தூத்துக்குடி ஆலைக்கு வெளிநாட்டுத் தாது கப்பலில் வந்தது. அதற்கென்றே ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாவில் மவுண்ட் லயல் என்ற சுரங்கத்தை ஆலையை நடத்திய ஸ்டெர்லைட் நிறுவனம் 1999இல் வாங்கியது. 2014இல் அங்கே வேலை நின்றது. ஆக, அப்பாவின் பட்டறைக்கு வந்ததும் கடல் தாண்டி வந்த செம்புதான். கடைசி ஒரு கட்டம் மட்டும் நம் ஊரில் நடந்ததால், மாற்றங்கள் அவர் கண்ணில் படவில்லை.

அதே கரையோரம் இன்னும் பின்னால் போய்ப் பாருங்கள். உங்கள் பட்டறையிலிருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். நாகசாகியிலிருந்து அவர்கள் ஏற்றிவந்த ஜப்பான் செம்புக் கட்டிகள் சோழமண்டலக் கரையில்தான் இறங்கின. இங்கே நெய்த துணிகளை வாங்க அது ஒரு முதல். காசு அடிக்கவும் பாத்திரம் வார்க்கவும் அந்தச் செம்பு போனது. பிறகு ஜப்பான் தன் செம்பு வெளியே போவதைக் கண்டு பயந்து 1715இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. டச்சுக்காரர்களுக்கு வருடம் 2 கப்பல் மட்டும் என்றாகிவிட்டது. அந்த நூற்றாண்டு போகப் போக இங்கிலாந்துச் செம்பு இந்தியாவில் இறங்கியது.

இப்போது உங்கள் டீலர் சொல்லும் ஜப்பான் கேத்தோடுக்கு வாருங்கள். ஜப்பானின் பெரிய சுரங்கங்களில் ஒன்றான பெஸ்ஸி 1691இல் தொடங்கி 1973இல் மூடப்பட்டது. அங்கே இப்போது சொல்லிக்கொள்ளும்படி செம்புச் சுரங்கமே கிடையாது. ஆனால் கடலோரத்தில் பெரிய உருக்காலைகள் இருக்கின்றன. சிலியிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் தாதுப்பொடி வாங்கி, உருக்கி, சுத்தம் செய்து, கேத்தோடாக நமக்கு அனுப்புகிறார்கள். 2011இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஜப்பான் வர்த்தக ஒப்பந்தத்தால் சுங்கவரிச் சலுகை வேறு. பில்லில் ஊர் அதே ஜப்பான்தான். முந்நூறு வருடத்துக்கு முன்னால் தன் மண்ணைத் தோண்டி விற்றது, இன்று அடுத்தவர் மண்ணை உருக்கி விற்கிறது. இந்த வித்தியாசம்தான் உங்களுக்கு முக்கியம். செம்பு வணிகத்தில் தாது ஒரு சரக்கு, உருக்கிய செம்பு இன்னொரு சரக்கு, ராடும் கம்பியும் மூன்றாவது, காயலான் கடைக்குப் போவது நான்காவது. ஒவ்வொன்றும் தனி வழியில் ஓடுகிறது, வழி மாறும் காரணமும் தனித்தனி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாது நிலக்கரியைத் தேடிப் போனது. அன்று தாதுவை உருக்க அதைவிட அதிக எடைக்கு நிலக்கரி தேவைப்பட்டதால், சிலியிலும் கியூபாவிலும் வெட்டிய தாதுவைக் கப்பலேற்றி வேல்ஸில் இருக்கும் ஸ்வான்ஸிக்குக் கொண்டுபோவதே லாபமாக இருந்தது. லண்டன் உலோகச் சந்தை தொடங்கியது 1877இல். இன்றும் அங்கே, மூன்று மாதம் கழித்துக் கொடுக்கும் சரக்குக்கு மூன்று மாத விலை என்று ஒன்று உண்டு, உங்கள் டீலரும் அதைச் சொல்லியிருப்பார். சிலியிலிருந்து செம்பு லண்டன் வந்து சேர அன்று சுமார் மூன்று மாதம் ஆகும், அதனால் வந்த கணக்கு அது. பாய்மரக் கப்பல் போய்விட்டது, கணக்கு நின்றுவிட்டது.

பிறகு அரசியல் வந்தது. 1967இல் சிலி, பெரு, சாம்பியா, பிறகு சயீர் என்று பெயர் மாறிய காங்கோ நான்கும் சேர்ந்து எண்ணெய் நாடுகளைப் போல ஒரு கூட்டணி அமைத்தன. 1971இல் சிலி தன் பெரிய சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது. ஆனால் விலையை அவர்களால் பிடித்து வைக்க முடியவில்லை. செம்பு எரிந்து தீர்ந்துபோகும் பொருள் அல்லவே. பழைய செம்பு திரும்பி வந்துகொண்டே இருக்கும், விலை மிஞ்சினால் அலுமினியத்துக்குப் போய்விடுவார்கள். இன்றைக்கும் உலகில் வெட்டியெடுக்கும் செம்பில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு சிலியிலிருந்துதான். காங்கோ பெருவைத் தாண்டி இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. அங்கே பல சுரங்கங்களில் தாதுவை அமிலத்தில் கரைத்து, உருக்காமலே நேராகக் கேத்தோடு எடுத்துவிடுகிறார்கள். உங்கள் டீலர் சொல்லும் ஆப்பிரிக்கா அநேகமாக அதுதான்.

இதில் சீனா எங்கே வருகிறது? மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் அரிசி கொண்டுபோனால் மில்காரர் அரைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவார். செம்பிலும் அப்படித்தான். சுரங்கக்காரர் உருக்காலைக்கு ஒரு கூலி கொடுக்கிறார். சீனா ஆலைகளைக் கட்டிக்கொண்டே போய், இன்று உலகின் சுத்திகரித்த செம்பில் பாதிக்கு நெருக்கமாகத் தானே செய்கிறது, பாதிக்கு மேல் தானே பயன்படுத்துகிறது. மில் பெருகிவிட்டது, அரிசி பெருகவில்லை. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை பேசி முடிக்கும் அந்தக் கூலி 2024இல் டன் தாதுக்கு 80 டாலராக இருந்தது, 2025இல் 21.25 டாலராக விழுந்தது. உடனடி விற்பனையில் ஆலைகளே எதிர்க்காசு கொடுத்துத் தாது வாங்கும் நிலைகூட வந்தது. தவிட்டை விற்றுப் பிழைக்கும் மில்லைப் போல, கந்தக அமிலத்தையும் தாதுவில் ஒட்டிவரும் தங்கத்தையும் வைத்து அவர்கள் சமாளிக்கிறார்கள். ஒரு ஊரில் ஆலை இருந்தாலே செம்பு மலிவாகக் கிடைத்துவிடும் என்று நம்மவர்கள் பேசும்போது இந்தக் கூலிக் கணக்கை நான் ஞாபகப்படுத்துவது வழக்கம். உங்களுக்கு வரும் விலை லண்டன் விலைதான், ஆலை எந்த ஊரில் இருந்தாலும்.

தூத்துக்குடியைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் தாண்ட முடியாது. ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்ட அந்த ஆலை மூடியதும், வெளியே விற்றுக்கொண்டிருந்த இந்தியா சுத்திகரித்த செம்பை நிகரமாக வாங்கும் நாடானது. அது வணிகப் புள்ளிவிவரம். ஆனால் 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்த ஊர் மக்கள் காற்றுக்கும் தண்ணீருக்கும் பயந்து தெருவுக்கு வந்தவர்கள். ராடு விலையில் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் வித்தியாசத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பேச எனக்கு மனம் வராது. 2024 பிப்ரவரியில் ஆலையைத் திறக்கக் கேட்ட நிறுவனத்தின் மனுவை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்துவிட்டது. குஜராத்தில் தகேஜ் ஆலை ஓடுகிறது, முந்த்ராவில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனில் புதிதாக ஒன்று 2024இல் தொடங்கியிருக்கிறது. குஜராத்துச் சரக்கு இனி கூடும். அப்புறம் அதுவும் ஒருநாள் மாறும்.

அமெரிக்க வரிக்கு வருவோம். செம்பரம்பாக்கம் ஏரியில் ஒரு மதகைத் திறந்தால் மற்ற மதகுகளிலும் தண்ணீர் மட்டம் இறங்கத்தானே செய்யும்? 2025இல் நடந்தது அதுதான். வரி வரப்போகிறது என்ற பேச்சு பிப்ரவரியிலேயே கிளம்பியது. வருவதற்கு முன் உள்ளே கொண்டுபோய்விட வேண்டும் என்று வியாபாரிகள் உலகெங்கும் இருந்த கேத்தோடை அமெரிக்காவுக்குத் திருப்பினார்கள். ஜூலை 8 அன்று 50 சதவீதம் என்று அதிபர் டிரம்ப் சொன்னதும் நியூயார்க் விலை ஒரே நாளில் எகிறியது. ஜூலை 30 அன்று வெளியான உத்தரவில் கேத்தோடுக்கும் தாதுக்கும் கழிவுக்கும் வரி இல்லை, கம்பி, குழாய், தகடு போன்றவற்றுக்கு மட்டும்தான் என்று இருந்தது. நியூயார்க் விலை 20 சதவீதத்துக்கும் மேல் அப்படியே விழுந்தது. ஆனால் அதற்குள் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மற்ற இடங்களில் கையிருப்பு மெலிந்த நேரத்தில், செப்டம்பர் 8 அன்று இந்தோனேசியாவின் கிராஸ்பெர்க் சுரங்கத்தில் சேறு பாய்ந்து 7 தொழிலாளர்கள் இறந்தார்கள், உற்பத்தி நின்றது. அதற்கு முன்பே, உலக உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் மேல் கொடுத்துவந்த பனாமா சுரங்கம் 2023 கடைசியில் நீதிமன்றத் தீர்ப்பால் மூடிக் கிடந்தது. உங்கள் மூன்று மாத ஆர்டர் இந்த எல்லாவற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உங்கள் கணிப்பில் தவறில்லை. இதை யாராலும் கணித்திருக்க முடியாது. தவறு, கணிக்க முடியாத ஒன்றுக்கு நீங்கள் உத்தரவாதம் கொடுத்ததில் இருக்கிறது.

தி.நகரில் நகைக்கடைக்குப் போகிறீர்கள். பலகையில் இன்றைய கிராம் விலை எழுதியிருக்கும். தங்கம் தனி, செய்கூலி தனி, சேதாரம் தனி. நேற்று குறைவாக இருந்ததே என்று யாரும் கடைக்காரரிடம் சண்டை போடுவதில்லை. நீங்களும் இனி அப்படித்தான் விற்க வேண்டும். உங்கள் சம்பாத்தியம் செய்கூலியில்: வெட்டுவதில், துளை போடுவதில், வளைப்பதில், தகர முலாம் பூசுவதில், சொன்ன நாளில் கொடுப்பதில். செம்பு உங்கள் வழியாகப் போகும் சரக்கு மட்டுமே. விலைப்பட்டியலில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை எழுதுவதை இந்த வாரமே நிறுத்துங்கள். "செம்பு: அனுப்பும் மாதத்து விலைப்படி. செய்கூலி: கிலோவுக்கு இவ்வளவு" என்று இரண்டு வரியாகப் போடுங்கள். எந்த விலை என்று கேட்பார்கள். மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான ஐஈமா மாதாமாதம் மூலப்பொருள் விலைச் சுற்றறிக்கை வெளியிடுகிறது, விலை மாற்றத்துக்கான சூத்திரமும் அவர்களிடம் உண்டு. டிரான்ஸ்பார்மர், கேபிள் டெண்டர்களில் எல்லாம் பழகிப்போன விஷயம். பொதுவான ஒரு தாளைக் காட்டினால் வாதம் குறையும்.

எல்லா வாடிக்கையாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். ஓஎம்ஆர் பக்கம் கட்டடம் கட்டுகிற கான்ட்ராக்டருக்கு மாறாத நிலை விலைதான் வேண்டும். கொடுங்கள், ஆனால் உங்கள் விலை 48 மணி நேரம் மட்டும் செல்லும் என்று எழுதுங்கள். ஆர்டர் கையெழுத்தாகும் அன்றே, அந்த ஆர்டருக்கு வேண்டிய செம்புக்கு மட்டும் டீலரிடம் விலை பேசி முடித்துவிடுங்கள். சரக்கை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம், முன்பணம் கொஞ்சம் கேட்பார். அதைக் கான்ட்ராக்டரிடம் முன்பணமாக வாங்குங்கள். முன்பணம் தராதவருக்கு நிலை விலை கிடையாது. இதில் மட்டும் இளகாதீர்கள். அப்பாவோடு பழகியவர், வருஷக்கணக்காக வாங்குகிறவர் என்ற தயக்கத்தில்தான் பெரும்பாலும் பட்டறைகள் நஷ்டப்படுகின்றன.

எம்சிஎக்ஸ் என்ற முன்பேரச் சந்தை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது சொல்வார்கள். அங்கே ஒரு லாட் 2,500 கிலோ, உங்கள் அரை மாதத் தேவைக்கும் மேல். விலை எதிராகப் போனால் அன்றாடம் பணம் கட்ட வேண்டும். பெரிய நிலை விலை டெண்டர் கிடைத்தால் மட்டும், ஒரு நல்ல புரோக்கரின் துணையோடு யோசிக்கலாம். இப்போது வேண்டாம்.

டீலரிடம் ஒன்று கேளுங்கள். விலையை உடைத்துத் தரச் சொல்லுங்கள்: லண்டன் மாதச் சராசரி, அதன் மேல் விற்பவர் வைக்கும் கூடுதல் தொகையான பிரீமியம், டாலர் மதிப்பு, சுங்கம், ராடு இழுக்கும் கூலி, லாரி வாடகை. நியாயமான டீலர் தருவார். டன் 10,000 டாலர் என்றால், டாலருக்கு ஒரு ரூபாய் ஏறும்போது கிலோவுக்கு 10 ரூபாய் ஏறும். லண்டனில் ஒரு டாலர்கூட அசையாத வாரத்திலும் உங்களுக்கு ஏன் ஏறியது என்பது அப்போது தெரியும். சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் பிரீமியத்திலும் சுங்கத்திலும்தான் எதிரொலிக்கும். 2024 டிசம்பரில் கேத்தோடுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் முத்திரை கட்டாயமானபோது, எந்த வெளிநாட்டு ஆலைக்குச் சான்றிதழ் கிடைத்தது என்பதைப் பொறுத்து வரத்து மாறியது. இந்த மாதிரி விதிகள் அடிக்கடி திருத்தப்படும், வாங்கும் நாளில் என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டைவிட நீங்கள் பார்க்க வேண்டியது தரம். கேத்தோடிலிருந்து இழுத்த ராடா, பழைய செம்பை உருக்கி இழுத்ததா? 2018 கடைசியிலும் 2019இலும் சீனா செம்புக் கழிவு இறக்குமதியை இறுக்கியபோது, அந்தச் சரக்கு மலேசியாவுக்கும் நம் பக்கமும் திரும்பியது. கழிவிலிருந்து எடுத்த ராடில் நல்லதும் உண்டு, ஆனால் கலப்படம் கொஞ்சம் இருந்தாலும் மின்கடத்துதிறன் இறங்கிவிடும், பஸ்பார் சூடாகும். லாட்டுக்கு ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்புங்கள். உங்கள் பட்டறையில் விழும் துண்டுகளையும் துளைச் சில்லுகளையும் அவசரத்துக்குக் காயலான் கடையில் போடாதீர்கள். பித்தளையோடு கலக்காமல் தனி டிரம்மில் சேர்த்து, ராடு இழுப்பவரிடம் எடைக்கு எடை கொடுத்து, கூலி மட்டும் கட்டி ராடாக வாங்க முடியுமா என்று பேசுங்கள். மாதம் 4 டன் ஓடும் பட்டறையில் அது சின்னத் தொகை அல்ல.

அலுமினியத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். கடத்துதிறன் செம்பில் 61 சதவீதம்தான், பட்டையின் குறுக்களவு ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். ஆனால் எடை பாதிதான் வரும். இடம் தாராளமாக இருக்கும் பலகைகளுக்குச் சில வாடிக்கையாளர் இப்போதே கேட்கிறார்கள். நம் கடற்காற்றில் செம்பும் அலுமினியமும் சேரும் மூட்டு அரிக்கும் என்பதால், இரண்டு உலோகமும் சேர்ந்த வாஷரும் முலாமும் இல்லாமல் அந்த வேலையை எடுக்க வேண்டாம்.

தம்பியைக் கடிந்துகொள்ளாதீர்கள். பட்டறை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் சொல்கிறார். வியாழக்கிழமை வங்கிக்கு இருவருமே போங்கள், ஆனால் பத்திரம் இல்லாமல். ஒரு மாதச் சரக்குக்கு மேல் தேவைப்படாத அளவுக்கு, விற்பனை பில்களை வைத்து நடைமுறை மூலதனக் கடன் வரம்பு எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள். போகும்போது கடந்த இரண்டு வருட ஜிஎஸ்டி ரிட்டர்னும், நஷ்டம் வந்த அந்த ஆர்டரின் காகிதங்களும் கையில் இருக்கட்டும். மேலாளர் என்ன சொன்னார் என்பதையும், டீலர் உடைத்துக் கொடுத்த விலைத்தாளையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.